கோல லங்காட் சைபர்

ஜெயராஜ் டிரெஸ்ஸருக்கு வெள்ளிக்கோப்பை கொடுக்கப்போகிற செய்தியை யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை டைப் அடித்தவனே நான்தான். 1935-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஆபீசில், காலை பத்து மணி. ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி மூன்று. ஒரு பிழை விழவில்லை. 

சிலாங்கூரின் ஆறு மாவட்டங்களிலிருந்தும் மாதாமாதம் மரணச் சீட்டுகள் எங்கள் ஆபீசுக்கு வரும். எந்த மாவட்டத்தில், எந்த நோயில், எத்தனை பேர் என்று பிரித்து எண்ணி, வருஷக் கடைசியில் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்புவது என் வேலை. மலேரியா வரிசையை நிரப்ப ஒரு வாரம் ஆகும். வாய்ப்புற்று வரிசைக்கு அரைமணி போதும். அந்த அரைமணி வரிசைதான் மூன்று வருஷமாக எங்கள் ஆபீஸ் தலைவரான டாக்டர் துரையின் கண்ணைப் பிடித்து இழுத்தது. கிள்ளானுக்குப் பதிமூன்று, பதினொன்று, பதினான்கு. பக்கத்து மாவட்டமான கோல லங்காட்டுக்குச் சைபர், சைபர், சைபர்.

இரண்டுக்கும் நடுவே இருபது மைல் ரோடு. இரண்டு பக்கமும் அதே ரப்பர் மரம், அதே ஜனம், அதே வெற்றிலை, அதே புகையிலை.

"சபாபதி, ரிட்டயர் ஆனா பந்திங் பக்கம் போயி ஒரு வீடு பாத்துக்கணும்லா" என்றார் எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி மீனாட்சிசுந்தரம் பிள்ளை. "அந்தப் பக்கம் போக எமனுக்கு டிக்கெட்டே கெடைக்கல போல."

ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துரை முதல் வருஷம் அதைக் கடற்காற்றின் மகிமை என்று எழுதினார். இரண்டாம் வருஷம் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். மூன்றாம் வருஷம் அவருக்கு விடை கிடைத்தது. கோல லங்காட்டில், பந்திங்கை அடுத்த கறுப்புப்பாலத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க ஜெயராஜ் என்றொரு டிரெஸ்ஸர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்களை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, படிகாரத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொல்கிறார். அதனால்தான் அங்கே வாயில் புற்று வருவதில்லை! நான் டைப் அடித்த கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஜெயராஜுக்குத் தோட்டத்துக் கம்பெனி கோப்பை தரவேண்டும். கம்பெனி கோலாலம்பூரில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரிக்கு அவரையே தலைமை டிரெஸ்ஸராக்க வேண்டும். சிலாங்கூர் முழுக்க எல்லாத் தோட்டங்களுக்கும் படிகாரம் அனுப்பவேண்டும்.

என் அக்காள் நல்லம்மாள் எட்டு மாதம் அந்தப் படிகாரத்தைத்தான் கொப்பளித்தாள்.

அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு ஏழு வயதாகும்போது அப்பா, அம்மா இருவரும் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அவள் கறுப்புப்பாலத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போனாள். என்னைக் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அவள் விடியக்காலை மரத்தடியில் நின்று எனக்கு வாங்கிக்கொடுத்த எழுத்து. கலியாணம் செய்துகொள்ளவில்லை. வெற்றிலை மட்டும் போடுவாள். இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் மத்தியானம்வரை அப்படியே இருக்கும்.

1933 மார்ச்சில் அந்த இடத்தில் புண் வந்தது. ஜெயராஜிடம் போனாள். "வெத்தலப் புண்ணு. வெத்தலய நிறுத்து, படிகாரம் போட்டுக் கொப்புளி" என்றார். நிறுத்தினாள், கொப்பளித்தாள். ஜூலையில் வாயை முழுக்கத் திறக்க முடியவில்லை. அப்போதும் படிகாரம். எனக்கு எழுதவில்லை, அவளுக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்த கங்காணி எழுதித் தரவில்லை. நவம்பரில் கன்னத்தில் ஓட்டை விழுந்தது. குடிக்கிற கஞ்சி வெளியே வந்தது. அன்றைக்குத்தான் ஜெயராஜ் அவளை ரப்பர்ப் பால் ஏற்றுகிற லோரியில் உட்காரவைத்துக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

லோரியில் துணைக்கு வந்தவள் பக்கத்து லயத்து வரிசைவீட்டு இராஜம்மா. அவள் எனக்குச் சொன்னது இது: லோரி கிளம்பும்போது ஜெயராஜ் கையைத் தட்டிக்கொண்டு, "அப்பாடா, இனி இது கிள்ளான் கணக்கு" என்றாராம்.

"நான் காதால கேட்டேன் தம்பி" என்றாள் இராஜம்மா. "ஒங்கக்காளும் கேட்டா."

பத்தொன்பதாம் நாள் அக்காள் செத்தாள்.

அவர் சொன்ன அந்த நாலு சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. ஏதோ இரக்கம் கெட்டவன் பேச்சு என்று நினைத்தேன். கோப்பைக் கடிதத்தை டைப் அடித்து முடித்து, துரை கையெழுத்துக்கு வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. அவர் சும்மா சொல்லவில்லை. கணக்குத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

மரணச் சீட்டில் மேலே முதல் வரி, செத்த இடம். அந்த வரியைப் பார்த்துத்தான் நாங்கள் கட்டுக் கட்டுவோம். கீழே நாலாவது வரி, வழக்கமாகக் குடியிருந்த இடம். அதை எந்தக் கிராணியும் படித்ததில்லை. நானும் ஒன்பது வருஷத்தில் ஒருநாள் படித்ததில்லை. கோல லங்காட்டில் புண் வந்து, கோல லங்காட்டில் அழுகி, கிள்ளான் கட்டிலில் மூச்சை விட்டவன் எங்கள் தாளில் கிள்ளான்காரன். நோயாளிகளை இப்படி லோரி ஏற்றிக்கொண்டே இருக்கிறவரைக்கும் அந்த மாவட்டத்துக்குச் சைபர்தான்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிள்ளான் கட்டுகளை அவிழ்த்தேன். மூன்று வருஷத்துப் புற்றுச் சீட்டு முப்பத்தெட்டு. நாலாவது வரியை மட்டும் படித்து மேஜைமேல் தனித்தனியாக அடுக்கினேன். கோல லங்காட்காரர்கள் பதினைந்து பேர். அதில் கறுப்புப்பாலத் தோட்டம் மட்டும் ஒன்பது. ஒவ்வொன்றாக அடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், செத்தவர்களை எண்ணி நான் சந்தோஷப்பட்டேன். ஜெயராஜை அறைய ஒன்பது ஆணி கிடைத்த மாதிரி இருந்தது.

பிறகு அக்காள் சீட்டு வந்தது. நாலாவது வரியில், 'கிள்ளான், ரயில்வே குவார்ட்டர்ஸ்' என்று இருந்தது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

மறந்துவிட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மறந்துதான் போயிருந்தேன். அவள் செத்த அன்று ஆஸ்பத்திரிப் பியூன், "தோட்டத்து ஆளுன்னா தோட்டத்துக்குத்தான் சொல்லியனுப்பணும், அவங்க வந்து எடுத்துட்டுப் போயி பொதைப்பாங்க" என்றான். ஜெயராஜின் ஆட்கள் அவளைத் தொடுவதா என்று அப்போது நான் ஒண்டிக்குடியிருந்து ஆபீசுக்கு ரயிலில் போய்வந்த கிள்ளான் விலாசத்தை எழுதிக்கொடுத்தேன். உடல் என் கைக்கு வந்தது. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் என் ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காள் தோட்டத்துக் கூலி என்று அவர்களுக்கு முன்னால் எழுத எனக்குக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி சீதாலெட்சுமியிடம் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒம்போது பேரு இருக்காங்கல்ல? அது போதாதா அவன் குடியக் கெடுக்க?"

"அக்காதான் இல்லையே அதுல."

"என்னங்க, நீங்க படிச்சவரு. பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே போயிச் சொன்னா ஒங்க வேலை நிக்குமா? இந்த வீடு நிக்குமா? அந்த ஒம்போது பேரு செத்தது ஒங்க அக்காளுக்காகன்னு நெனச்சுக்குங்க. அவள இழுக்காதீங்க."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. ஒன்பது பேரைக்கொண்டு எழுதினேன். சீட்டு நம்பர், தேதி, பெயர், வயது, குடியிருந்த இடம் என்று ஐந்து பத்தி. கடைசியில், 'தாங்கள் கோப்பை கொடுப்பதற்கு முன் இதைப் பார்வையிட வேண்டுகிறேன்' என்று ஒரே வரி. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதை இரண்டுமுறை படித்தார்.

"சபாபதி, இது ஆபீஸ் கடிதாசி மாதிரி இல்லியே. வெட்டரிவாள் மாதிரில்ல இருக்கு."

"கணக்குத் தப்பாயிருந்தா சொல்லுங்க ஐயா."

"கணக்குத் தப்பில்ல. அதான் பயமாருக்கு" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்.

துரை நல்ல மனிதர்தான். கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒன்பது பேரின் பெயரையும் போட்டு, ஜெயராஜைப் புத்தகங்களோடு வரச்சொல்லித் தந்தி கொடுத்தார்.

மார்ச் நாலாம் தேதி ஜெயராஜ் வந்தார். நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கொடூரமான ஒரு முகத்தை மனசில் வைத்திருந்தேன். வந்தவர் கட்டையான, சிரித்த முகமுள்ள மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் தொப்பி, கையில் துணி சுற்றிய பெரிய புத்தகம். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரைக் கடந்து நான் போனபோது, "கிராணித் தம்பி" என்று கூப்பிட்டார்.

"நீங்கதானே நல்லம்மா தம்பி? மொகத்துல சாயல் இருக்கு."

நான் நின்றேன்.

"ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ போயிட்டான்னு கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிலேர்ந்து தோட்டத்துக்குக் காகிதம் வரும்னு பாத்தேன். வரவேயில்ல. விசாரிச்சா, தம்பி கிள்ளான் விலாசம் குடுத்துட்டாருங்கறாங்க. நல்ல காரியம் பண்ணீங்க. பதினெட்டு வருசப் பழைய ஆளு. அவ ஒருத்திதான் எனக்கு வெவகாரமாயிருந்திருப்பா." குரலைத் தாழ்த்தினார். "மத்த ஒம்போதுக்கும் எங்கிட்டப் பதில் இருக்கு. பாக்கறீங்களா?"

"நீங்க அவளுக்குப் படிகாரம் குடுத்தீங்க."

"என்னத்தக் குடுக்கச் சொல்றீங்க? ஆஸ்பத்திரி அலமாரியில என்ன இருக்கோ அதத்தான் குடுக்க முடியும். தோட்டத்துல சாவு விழக்கூடாதுன்னு மேனேஜர் துரை உத்தரவு. விழுந்தா எனக்குத்தான் ஏச்சு. நீங்க ஒங்க துரைக்கு டைப் அடிக்கறீங்க, நான் என் துரைக்கு லோரி ஏத்தறேன். நமக்குள்ள என்ன?"

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். மேனேஜர் துரை என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தார். எட்டிய கழுத்து இது ஒன்றுதான்.

உள்ளே துரை, மேஜைக்கு ஒரு பக்கம் ஜெயராஜ், மறுபக்கம் நான், ஜன்னலோரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஜெயராஜ் புத்தகத்தைப் பிரித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவு. மணிமணியான கையெழுத்து, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் எழுதிய ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக எடுத்துக் காட்டினார். இவன் ஊரிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆயிற்று, வரும்போதே புண்ணோடு வந்தான். இவள் காப்பார்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், ஆறு மாதம். இப்படியே ஒன்பதும். ஒன்பதாவது ஆள் பக்கிரிசாமி, வந்த மறுவாரமே லோரி ஏறியவன்.

"நோயி வெளியிலேர்ந்து வந்தது சார். நம்ம தோட்டத்துல ஒரு வருசம் முழுசாக் கொப்புளிச்ச ஒரு ஆளுக்கு இது வந்ததுன்னு யாராச்சும் காட்டட்டும். அன்னைக்கே நான் கோட்டக் கழட்டிடறேன்."

துரை பென்சிலால் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக அடித்தார். என் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெயரையும் அடித்துவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார்.

ஜெயராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிநேகமான சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமலிருந்தால் நான் 'இல்லை சார்' என்று சொல்லி வெளியே வந்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சார், அந்தப் புத்தகத்துல 1933 மார்ச் மாசத்தப் பிரிங்க" என்றேன்.

துரையே பிரித்தார். மார்ச் பன்னிரண்டு. 'நல்லம்மாள், வெற்றிலைப் புண், படிகாரம்.' அடுத்த ஞாயிறு, அதுவே. அதற்கடுத்த ஞாயிறு, அதுவே. துரை பக்கத்தைப் புரட்டப் புரட்ட அதே பேர், அதே சொல், அதே மணிமணியான கையெழுத்து. நவம்பர் முதல் வாரத்தோடு அந்தப் பேர் நின்றுவிட்டது. முப்பத்தைந்து ஞாயிறு. ஜெயராஜின் ஒழுங்கு அப்படிப்பட்டது. ஒன்றையும் விட்டு எழுதவில்லை.

"இந்தப் பொம்பளை என்ன ஆனா?" என்று கேட்டார் துரை.

"கொணமாகி மரம் வெட்டப் போயிட்டா சார்."

"நவம்பர் மாசக் கடைசியில கிள்ளான் ஆஸ்பத்திரியில செத்துட்டா. சீட்டு இருக்கு" என்றேன் நான்.

ஜெயராஜ் அசரவில்லை. "அது வேற நல்லம்மா சார். தோட்டத்துக்கு நாலு நல்லம்மா இருப்பாங்க. அந்தச் சீட்ட நீங்களே பாருங்க. கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸ்னு போட்டிருக்கும். யாரு கையெழுத்துன்னும் பாருங்க."

துரை சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஜன்னலோரத்திலிருந்து தலையை இலேசாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

"அது பொய் சார்" என்றேன். "நான் தெரிஞ்சே எழுதின பொய். அவ என் கூடப்பொறந்த அக்கா. கறுப்புப்பாலத்துல பதினெட்டு வருசம் இருந்தா. தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோல்ல அவ பேரு 1915-லேர்ந்து இருக்கும், வரவழைச்சுப் பாருங்க. லோரியில கூட வந்த இராஜம்மா இன்னும் அதே லயத்துல இருக்கா, கூப்பிட்டுக் கேளுங்க. இவரு படிகாரத்த அவளவிட அதிகமாக் கொப்புளிச்சவங்க யாருமில்ல. இவரு புத்தகத்துலயே இருக்கு."

துரை புத்தகத்தை மூடினார். பிறகு, பொய்த் தகவல் கொடுத்ததாக எழுத்து மூலம் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்த விதியை நாலுமுறை டைப் அடித்தவன் நான்.

வாக்குமூலத்தை அங்கேயே எழுதினேன். ஒரு பக்கம். தேதி, சீட்டு நம்பர், பிழையான வரி, சரியான வரி, கையெழுத்து. சீட்டைத் திருத்துவதென்றால் செத்தவரின் இருப்பிடம் தெரிந்த இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் விதிதான். இராஜம்மாவை வரவழைக்கலாம் என்றார் துரை. "இங்கயே ஒருத்தர் இருக்காரு சார். முப்பத்தஞ்சு ஞாயித்துக்கெழம பாத்தவரு" என்றேன்.

ஜெயராஜ் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு போயிற்று.

"நான் எதுக்கு?" என்றார்.

"கோல லங்காட், கறுப்புப்பாலத் தோட்டம், பதினெட்டு வருசம். இதுல எது பொய்யி? சொல்லுங்க, அடிச்சிடறேன்."

"தம்பி, எனக்கு நாலு பொட்டப்புள்ளைங்க."

"எனக்கு ஒரு அக்கா."

மாட்டேன் என்றால் செக்ரோல் வரும், இராஜம்மா வருவாள், பொய் இரண்டாகும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. பேனாவை மையில் தொட்டு நான்தான் கொடுத்தேன். மணிமணியாக எழுதுகிறவர் அன்றைக்குக் கோழி கிளறின மாதிரி எழுதினார். மை காய்வதற்குள் ஒற்றுத்தாளை வைத்து நானே ஒற்றினேன்.

வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது, "நீயும் நாசமாப்போவ" என்றார்.

"போறேன். நீங்க முன்னாடி போங்க."

மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் உத்தரவு வந்தது. எனக்கு வேலை போயிற்று. ஜெயராஜுக்குக் கோப்பை இல்லை, கோலாலம்பூர் ஆஸ்பத்திரி இல்லை. கம்பெனி ஜெயராஜைக் கறுப்புப்பாலத்திலிருந்து நீக்கி, மேரு பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் காயத்துக்குத் துணி கட்டுகிற வேலை கொடுத்தது, சம்பளம் பாதி. மேனேஜர் துரை வழக்கம்போல ஆறு மாத லீவில் சீமைக்குப் போனார். படிகார மூட்டைகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்யும் கடிதம்தான் அந்த ஆபீசில் நான் டைப் அடித்த கடைசிக் கடிதம். பதினைந்து நாளில் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தோம். சீதாலெட்சுமி சாமான் கட்டிய மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. கிள்ளானுக்கு ரயிலேறி உட்கார்ந்த பிறகு, "பத்தாவது பேரச் சேத்தாச்சில்ல? திருப்திதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா" என்றேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஆனால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது கிள்ளான் பாசார் அருகே குமரப்பன் செட்டியாரின் அரிசிக் கிட்டங்கியில் கடிதம் எழுதுகிறேன். ஆபீசின் மரணக் கணக்கு அச்சாகிற அடுத்த வருஷத்துப் புத்தகத்தை மீனாட்சிசுந்தரம் பிள்ளை தபாலில் அனுப்பிவைத்தார். மூன்று வருஷக் கணக்கையும் நாலாவது வரிப்படி திரும்ப எண்ணியிருக்கிறார்கள். கோல லங்காட், பதினாறு. கிள்ளான், இருபத்திரண்டு. கீழே சின்ன எழுத்தில், கோல லங்காட்டில் புற்று திடீரென்று கூடியிருப்பதற்கான காரணம் ஆராயப்பட வேண்டும் என்று யாரோ ஒரு புது டாக்டர் எழுதியிருந்தார். திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தேன். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து பிளேடால் நேராக அறுத்தெடுத்தேன். பதினாறு என்ற எண்ணின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். மேருவில் அந்தத் தோட்டத்தின் பேர், லயத்தின் நம்பர், 'ஜெயராஜ் அவர்களுக்கு' என்று உறைமேல் எழுதி, அனுப்புகிறவர் விலாசத்தையும் முழுசாக எழுதித் தபாலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. அடுத்த வருஷப் புத்தகம் ஜூனில் வரும் என்று பிள்ளை எழுதியிருக்கிறார். உறை வாங்கி வைத்திருக்கிறேன்.